சுவெட்டரும் சட்டியும்: தூரதேசப் பேரிடருக்கு வன்னியிலிருந்து எதை அனுப்புவது?

2023 பெப்ரவரி 6 அதிகாலை துருக்கியையும் சிரியாவையும் 7.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் சனசமூக நிலையத்தில் உடுப்புப் பெட்டிகள் சேர்ந்துவிட்டன. பொடியள் வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தார்கள். இல்லை என்று சொன்ன வீடு கிடையாது. ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாரம், பருத்திச் சட்டை, நூல் சேலை, பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்து. அங்கேயோ இடிபாடுகளின்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு நீலக் கம்பளிச் சுவெட்டர். 2004 மார்கழி 26 முல்லைத்தீவுக் கரையைக் கடல் அடித்துக்கொண்டு போன பிறகு, முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் தங்கியிருந்தோம். எங்கிருந்தோ வந்த பொதியில் அம்மாவின் பங்குக்குக் கிடைத்தது அது. நெஞ்சில் வெள்ளைக் கலைமான், தாடைவரை மூடும் கழுத்து. அந்த வெக்கையில் அதை யார் போடுவது? இரவல் பானையை அடுப்பிலிருந்து இறக்கும் பிடிதுணியாக்கினார் அம்மா. இன்னொரு நாள், முகாம் பார்க்க வந்த ஒருவர் அம்மாவின் கையில் 500 ரூபா வைத்துவிட்டுப் போனார். அதில் ஒரு சருவச்சட்டி, ஓர் அகப்பை, தங்கச்சிக்கு உள்ளுடுப்பு. எந்தப் பொதியிலும் வராத சாமான்கள் அவை. 2009 வரை அந்தச் சட்டியில்தான் எங்கள் சோறு வெந்தது.

ஆகவே பொருளா, காசா என்று யாரும் கேட்டால், வாங்கி நின்ற பக்கத்திலிருந்துதான் என்னால் பதில் சொல்ல முடியும். பெட்டி கட்டுகிறவர்களின் மனதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பெட்டி கொழும்புக்கு லொறியில் போய், விமானம் ஏறி, அங்கே யாரோ பிரித்து, அளவு பார்த்து, அடுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் வேறு அவசர வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது காத்மண்டு சர்வதேச விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. அது சேதமாகி, பாரமான விமானங்களை இறங்கவிடாமல் தடுக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெட்டி பழைய உடுப்பு இறங்கினால், கூடாரமோ மருந்தோ அந்த அளவுக்குப் பிந்தும்.

மருந்தென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப ஏலாது. எங்களை அடித்த அதே சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுமார் 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. ஏறக்குறைய 70 வீதத்தின் உறையில் இருந்தது அங்குள்ளவர்களுக்கு விளங்காத மொழி. கொஞ்சம் காலாவதியாகியும் இருந்தது. கடைசியில் பெருந்தொகையை அழிப்பதற்கே தனியாகச் செலவழிக்க வேண்டி வந்தது.

பொருளுக்கு நான் ஒரே ஒரு இடம் விடுவேன்: பாதிக்கப்பட்ட நாட்டின் தூதரகம் பட்டியல் போட்டு, இன்ன சாமான், புதியதாக, இன்ன திகதிக்குள் என்று கேட்டால் கொடுக்கலாம்.

காசிலும் சிக்கல் உண்டு. இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்கு நினைத்தவுடன் காசு அனுப்ப முடியாது, அந்நியச் செலாவணிச் சட்டம் குறுக்கே நிற்கும். அழுகிற பிள்ளையின் படத்தைப் போட்டு, கீழே தனி ஆளின் கணக்கு இலக்கத்தோடு வாட்சப்பில் சுற்றுகிற வேண்டுகோளுக்கு ஒரு சதமும் போடாதீர்கள். வெளிநாட்டில் ஆளில்லாத குடும்பங்கள் சேர்ந்து உண்டியல் வைத்தால், முதலில் இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் விசாரியுங்கள். அந்த நாட்டுக்கென்று காசு வாங்குகிறார்களென்றால், கொடுத்துப் பற்றுச்சீட்டு எடுத்து, அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

ஆனால் வன்னியில் பல வீட்டுக்கு லண்டனிலோ கனடாவிலோ ஒரு பிள்ளை, ஒரு மாமா, ஒரு மச்சாள் இருக்கிறார்கள். இங்கேதான் எங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வழி திறக்கிறது. பெட்டிகள் சேர்ந்த அன்றிரவே அம்மா லண்டனிலிருக்கும் அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னார்: "தம்பி, இந்த மாதம் எனக்கு அனுப்புறதில 20 பவுண்ஸைக் குறைச்சு, அந்தச் சனத்துக்கு அங்கேயே கட்டிவிடு." வங்கிக் கட்டணம் இல்லை, செலாவணித் தொல்லை இல்லை. பிரித்தானியாவில் பெரிய தொண்டு நிறுவனங்கள் டி.ஈ.சி. என்ற பெயரில் ஒன்றாகக் காசு சேர்க்கின்றன. வரி கட்டுகிறவர் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் முறையில் அரசாங்கம் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் சேர்க்கும். 20 கொடுத்தால் 25 போய்ச் சேருகிறது. அம்மா கொடுத்தது தன் காசுதான். அந்த மாதம் மீன் வாங்கியது இரண்டு நாள்தான்.

நேரே போய் உதவுவதா? பயிற்சி பெற்ற மீட்புப் படையினரும் மருத்துவர்களும் அழைக்கப்பட்டால் போகட்டும். மொழி தெரியாமல் போய் நிற்கிற எங்களுக்கும் சேர்த்து அந்த ஊர்ச்சனம்தான் தண்ணீரும் படுக்கையும் தேட வேண்டிவரும்.

காசில்லாத பொடியளுக்கு இன்னொன்று இருக்கிறது: வரைபடம். 2010 ஹெயிட்டியிலும் 2015 நேபாளத்திலும், உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் செய்மதிப் படத்தைப் பார்த்து, வீட்டுக் கூரைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் சேர்ந்து வரையக்கூடிய இலவச இணைய வரைபடத்தில் கோடு கோடாக வரைந்து கொடுத்தார்கள். களத்தில் நின்றவர்கள் அதை வைத்து வழி தேடினார்கள். காட்டுக்குள் கிடக்கும் குக்கிராமத்துக்கு வரைபடமில்லாவிட்டால் என்ன நடக்குமென்று வன்னியானுக்கு விளக்கத் தேவையில்லை. கிளிநொச்சியில் ஒரு கணினியும் இணையமும் இருந்தால் போதும். ஆனால் போனின் சின்னத் திரையில் சரிவராது. பழக்கமில்லாதவர் பிழையாக வரைந்தால், திருத்துகிறவருக்கு வேலை கூடும். அதனால் பேரிடர் இல்லாத நாட்களில் பழகத் தொடங்குவதே நல்லது. இந்த வேலைக்கென்றே 2014இல் மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அனர்த்தம் வருமுன்பே வரைந்து வைக்கிறார்கள். ஒரு பாடசாலைக் கணினி அறையில் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால், அது உடுப்புப் பெட்டிகளை விடக் கனக்க வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

பெட்டிகள் துருக்கிக்குப் போகவில்லை. தேவைப்பட்ட வீடுகளுக்கு ஊருக்குள்ளேயே பிரித்துக் கொடுத்தோம். அண்ணா பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அம்மா போனை வாங்கி, எழுத்துகளை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"25 பவுணுக்கு அங்க ஒரு சட்டி வாங்கலாமோ?"

"வாங்கலாம் அம்மா, அகப்பையும் சேர்த்து" என்றேன்.