டிசி-யை முதலில் வாங்கிவிடாதீர்கள்

வடசென்னையில் யாராவது பிள்ளையைக் கல்லூரி மாற்றும் யோசனையில் இருந்தால் இதைப் படித்துவிட்டு அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

நாங்கள் தண்டையார்பேட்டை. தங்கச்சி தாம்பரம் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். முதல் வருடம் முடித்திருந்தாள். பீச் ஸ்டேஷன் வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஸ்டான்லியில் சேர்த்தோம். வீடு திரும்பிய பிறகு மதியத்துக்கு மேல் அவரோடு ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும். சரி, இரண்டாம் வருடத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே காலை ஷிஃப்ட்டில் படிக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

தெரிந்தவர் ஒருவர் மூலக்கடை பக்கம் ஒரு கல்வி ஆலோசனை ஆபீஸைக் கைகாட்டினார். மொபைல் கடைக்கு மேலே மாடி. சுவர் முழுக்கக் கல்லூரி வாசல்களின் கலர் படம், மேஜையில் ஐந்தாறு ரப்பர் ஸ்டாம்ப். அந்த ஸ்டாம்புகளைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது. பயம் வந்திருக்க வேண்டும்.

“தம்பி, நீ போய் டிசி-யை மட்டும் வாங்கிட்டு வா. மேனேஜ்மென்ட்ல நம்ம ஆள் இருக்காரு. திங்கக்கிழமை பாப்பா கிளாஸ்ல உட்காரும்” என்றார் அங்கே இருந்த புரோக்கர். 25,000 ரூபாய் கொடுத்தேன். ரசீதில் ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு வரி. எந்தக் கல்லூரி, என்ன வேலை, எதுவும் இல்லை. பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டிசி, எல்லா ஒரிஜினலையும் வாங்கி ஒரு பச்சை ஃபைலில் போட்டுக்கொண்டார். மாணவரின் ஒரிஜினலைக் கல்லூரியே பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. நான் ஒரு புரோக்கரிடம் தூக்கிக் கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. முதலில் “பிரின்சிபால் லீவு”, அப்புறம் “ஃபைல் மேலே போயிருக்கு”, அப்புறம் போனையே எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல், சீட் வாங்கித் தருவதாக அவர் வாயால் சொன்ன கல்லூரிக்கு நானே போனேன். ஆபீஸில் இருந்த அம்மா ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பேர்ல விண்ணப்பமே வரலையேப்பா. இரண்டாம் வருஷ பி.காம்ல சீட்டும் காலி இல்ல” என்றார். பாவம், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து அவர்தான் முறையை விளக்கினார். சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தில் விசாரித்தபோதும் அதையேதான் சொன்னார்கள்.

முதலில் சேரப்போகும் கல்லூரியில் அதே பாடத்தில், அதே வருடத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும். சேர்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். படிக்கும் கல்லூரி ஆட்சேபணை இல்லை என்று தர வேண்டும். இரண்டையும் வைத்துப் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்க வேண்டும். டிசி இதற்கெல்லாம் பிறகுதான். இதில் புரோக்கர் செய்ய ஒரு வேலையும் கிடையாது.

எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தன்னாட்சிக் கல்லூரிக்குப் பாடத்திட்டம் தனி. இரண்டு கல்லூரியின் சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் வருடத்திலேயே இரண்டு பேப்பர் ஒத்துப்போகவில்லை. இடம் கிடைத்திருந்தாலும் அந்தப் பேப்பர்களைத் தனியாக எழுத வேண்டி வந்திருக்கும். இதைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்தான்.

பழைய கல்லூரிக்கு ஓடினோம். டிசி கொடுத்தாயிற்று, பெயரையும் எடுத்தாயிற்று என்றார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். டிசி கேட்டுக் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான்.

போலீசில் புகார் கொடுக்கப் போகிறேன் என்றதும் பச்சை ஃபைல் மட்டும் மறுநாளே வந்தது. பணத்தில் 8,000 தந்தார், மீதிக்கு இன்னும் அலைகிறேன். தங்கச்சி இப்போது காலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டு மதியம் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். ஜூனில் மறுபடியும் முதல் வருடத்துக்கே விண்ணப்பம் போடப் போகிறாள். போன வாரம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். மாடியில் ஆபீஸ் அப்படியே இருக்கிறது, போர்டில் பெயர் மட்டும் புதிது.