செகண்ட் ஹேண்ட் பிஎம்டபிள்யூ ஐ8: வாங்கறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும், வாங்கினப்புறம் எப்படி இருக்கு

பெட்ரோல் எஞ்சினும் எலக்ட்ரிக் மோட்டாரும் சேந்து ஓடற யூஸ்டு ஹைப்ரிட் சூப்பர்கார் வாங்கப் போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் மொத வார்த்தையே "பேட்டரி போச்சுன்னா என்ன பண்ணுவ"ங்கறதுதான். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா செகண்ட் ஹேண்ட் ஐ8 வாங்கி ஓட்டிட்டு இருக்கறவனா சொல்றேன், அதை விட பயப்பட வேண்டியது ஓடாம நின்னுட்டே இருந்த காருக்குத்தான். கிலோமீட்டர் ரொம்ப கம்மி, மழையே பட்டதில்ல, கவர் போட்டு பொத்திப் பொத்தி வச்சிருந்தோம்னு சொல்லி விலையை ஏத்திச் சொல்லுவாங்க, அந்த மாதிரி கார்ல கை வைக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க.

ஏன்னா இந்த வண்டியில ரெண்டு பேட்டரி. பெரிய ஹை வோல்டேஜ் பேட்டரி ஒண்ணு, சாதாரண 12 வோல்ட் ஒண்ணு. சின்னது செத்துப் போச்சுன்னா பெருசுல எவ்ளோ சார்ஜ் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, பெரிய பேட்டரியைக் காரோட சேக்கற ரிலே சுவிட்ச் ஒட்டவே ஒட்டாது, கார் கண்ணே தொறக்காது. பெரிய பேட்டரியையும் மாசக்கணக்கா காலியா விட்டாலும் சரி, ஃபுல்லா ஏத்தி அப்படியே விட்டாலும் சரி, லித்தியம் செல்லுக்கு ரெண்டுமே ஆகாது. நின்ன இடத்துலயே டயர் ஒரு பக்கம் தட்டையாகும், டேங்க்ல பெட்ரோல் பழசாகும், பிரேக் டிஸ்க்ல துரு ஏறும். ஹைப்ரிட்ல பாதி பிரேக்கை மோட்டாரே பிடிச்சுடறதால டிஸ்க் தேயறதே கம்மி, ஏறின துரு சீக்கிரத்துல போகாது. அதனால ஒழுங்கா ஓடி, ஒழுங்கா சர்வீஸ் ஆகி, பேப்பர் எல்லாம் வரிசையா இருக்கற காரை நான் கண்ண மூடிட்டு எடுப்பேன், கிலோமீட்டர் கொஞ்சம் கூட இருந்தாலும் பரவால்ல.

காரைப் பத்தி தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 2014ல இருந்து 2020 வரைக்கும் ஜெர்மனியில லைப்சிக் ஃபேக்டரில செஞ்சாங்க, மொத்தமா 20 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல. பின்னாடி 1.5 லிட்டர் மூணு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 231 குதிரை. முன் சக்கரத்துக்கு எலக்ட்ரிக் மோட்டார், 131 குதிரை. சேத்து 362. நூறைத் தொட 4.4 செகண்ட். உக்கார்ற கூண்டு முழுக்க கார்பன் ஃபைபர், அதான் இவ்ளோ சாமான் இருந்தும் எடை 1,500 கிலோகிட்டயே நிக்குது. மூணு சிலிண்டரை வச்சுட்டு இது சூப்பர்காரான்னு இன்னமும் சண்டை போடுவாங்க. இதே மாதிரி ஹைப்ரிட்டான ஹோண்டா என்எஸ்எக்ஸ்ல 3.5 லிட்டர் ட்வின் டர்போ வி6 இருக்கு, மூணு மோட்டார் இருக்கு, வேகம்னு பாத்தா அது எங்கயோ. ஆனா ஐ8 மாதிரி அதுல பிளக் குத்தி சார்ஜ் ஏத்த முடியாது, வெளிய இருந்து ஊத்தறது பெட்ரோல் மட்டுந்தான். காலைல சத்தமே இல்லாம கிளம்பி ஆபீஸ் போயிட்டு, சாயங்காலம் ஸ்போர்ட் மோடு போட்டு மிதிக்கிற சுகம் ஐ8லதான் எனக்குக் கிடைச்சுது.

இப்ப பாக்கப் போகும்போது என்ன பண்ணணும்னு சொல்றேன். கதவை மேல தூக்கித் தொறந்துட்டு மொதல்ல சைடு படியைப் பாருங்க. இந்த கார்ல அந்தப் படி அகலமா இருக்கும், யாரா இருந்தாலும் ஒரு கால உள்ள விட்டு சீட்ல வழுக்கித்தான் இறங்கணும், அதனால ஷூ குதிகால் பட்ட கீறலும், சீட்டோட வெளிப்பக்க மேட்டுல தோல் மடங்கித் தேஞ்சதும் எவ்ளோ பேர் எவ்ளோ தடவை ஏறி இறங்கினாங்கன்னு அப்படியே காட்டிக் குடுத்துடும். மீட்டர்ல சொல்ற கிலோமீட்டருக்கும் அந்தத் தேய்மானத்துக்கும் ஒத்து வரலன்னா கேள்வி கேளுங்க. நான் பாக்கப் போன ஒரு வண்டி மீட்டர்ல புதுசு மாதிரி, படியில பாத்தா டாக்ஸி ஓட்டின மாதிரி கீறல், விக்கறவர் பேச்சை மாத்திட்டே இருந்தாரு, நான் அப்படியே வந்துட்டேன்.

அடுத்து டயர் சைடுல இருக்கற நாலு நம்பர். 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் எவ்ளோ ஆழமா இருந்தாலும் வயசான டயரை நம்பி இந்த வேகத்துல போகாதீங்க. இன்னொண்ணு, ஐ8ல முன் சக்கரத்துக்கு 195/50 ஆர்20ங்கற சைஸ் வரும், இவ்ளோ ஒல்லியா இவ்ளோ பெரிய ரிம்முக்கு வேற கார்ல அதிகமா கிடையாது, டயர் கடையில போய் கேட்டவுடனே எடுத்துக் குடுக்கற சைஸ் இல்ல. வாங்கறதுக்கு முன்னாடியே எங்க கிடைக்கும்னு விசாரிச்சு வச்சுக்கோங்க.

பெட்ரோல் மூடியையும் தொறக்கச் சொல்லுங்க. டேங்க் பிரஷர்ல இருக்கும், பட்டனை அமுக்கினா உடனே தொறக்காது, பிரஷர் எறங்கின அப்புறந்தான் தொறக்கும். நாள் கணக்கா எலக்ட்ரிக்லயே ஓட்டினா பெட்ரோல் ஆவி வெளிய போகாம இருக்கறதுக்கு இந்த ஏற்பாடு. அது மக்கர் பண்ணுச்சுன்னா அங்கயே பேசி விலைல கழிச்சுக்கோங்க. ஏசி நல்லா ஜில்லுன்னு வருதான்னு கட்டாயம் பாருங்க, இது சொகுசுக்கு மட்டும் சொல்லல, ஏசி கேஸ்தான் பெரிய பேட்டரியையும் குளிர வைக்குது, ஏசி வீக்குன்னா பேட்டரி சூட்டுலயே கிடக்கும்.

பேட்டரியோட நெலமையை டேஷ்போர்டு பாத்து முடிவு பண்ண முடியாது. கம்பெனி சர்வீஸ்லயோ ஹைப்ரிட் தெரிஞ்ச மெக்கானிக்கிட்டயோ டயக்னாஸ்டிக் மெஷின் மாட்டி, எவ்ளோ கெப்பாசிட்டி மிச்சம் இருக்கு, செல்லுக்கு செல் வோல்டேஜ் ஒரே மாதிரி இருக்கான்னு ரிப்போர்ட் வாங்குங்க. விக்கறவர் இதுக்கு ஒத்துக்கலன்னா நடையைக் கட்டுங்க. ஆக்சிடென்ட் ஆன வண்டி வேணவே வேணாம், கார்பன் கூண்டுல விழுந்த விரிசல் பெயின்ட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கும்.

ஓட்டறதுக்கு எப்படின்னா, அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ கணக்குல 2018க்கு முந்தின பழைய மாடல் எலக்ட்ரிக்ல 24 கிலோமீட்டர் போகும், எனக்கும் நிதானமா ஓட்டினா அந்த ரேஞ்சுதான் வருது. ஸ்போர்ட் மோடுக்கு மாத்தினா மீட்டர் ஆரஞ்சு கலர் ஆகிடும், எஞ்சின் நிக்காம ஓடி பேட்டரியையும் ஏத்திக்கும், பிக்கப் சீட்ல அமுக்கிப் போட்டுடும். கேக்கற சத்தத்துல ஒரு பங்கு ஸ்பீக்கர்ல இருந்து வர்றதுதான், எனக்கு அது பிடிச்சிருக்கு. டிக்கி 154 லிட்டர்தான், பின் சீட்ல பெரியவங்க உக்கார முடியாது, ஒரு பக்கம் சுவரை ஒட்டி பார்க் பண்ணா கதவைத் தூக்க எடம் பத்தாது. முன் பேனட்டை நாமளா தொறந்து பாக்கற மாதிரி வைக்கல, அதனால நல்ல மெக்கானிக் பக்கத்துல இல்லாத ஆளுக்கு இந்த கார் செட்டாகாது. ஆயிலை மட்டும் லேட் பண்ணாம மாத்துங்க, எலக்ட்ரிக்ல போயிட்டே இருந்து திடீர்னு ஆக்சிலரேட்டரை மிதிச்சா சூடாகாத எஞ்சின் நேரா லோடுல எழுந்திரிக்கும், ஆயில் பழசா இருந்தா தேய்மானம் அங்கதான்.

எந்த வருஷம்னு கேட்டா, காசு இருந்தா 2018க்கு அப்புறம் வந்தது எடுங்க. பேட்டரி 7.1ல இருந்து 11.6 கிலோவாட் ஹவர் ஆச்சு, பவரும் 374க்கு ஏறுச்சு, மேல்கூரை தொறக்கற ரோட்ஸ்டர் மாடலும் அப்பதான் வந்துச்சு, ஆனா அதுல பின் சீட்டே கிடையாது. பேட்டரிக்கு பல நாடுகள்ல 8 வருஷம் வாரன்ட்டி குடுத்தாங்க, மொத வருஷ வண்டிகளுக்கு அது முடிஞ்சே போச்சு. பட்ஜெட் பழசுக்குத்தான் இடம் குடுக்குதுன்னா அதையும் தாராளமா எடுக்கலாம், பேட்டரி ரிப்போர்ட் கையில இருக்கணும், ரிப்பேருக்குன்னு ஒரு தொகையைத் தனியா ஒதுக்கிடணும், ஏன்னா காரோட விலைதான் பாதியா இறங்கியிருக்கு, பார்ட்ஸ் விலை இறங்கல.