ஜெர்விஸ் பே 1:700 ரெசின் கிட்: பயணிக் கப்பல் முழுசு, போர்க்கப்பல் பாதி

ரெசின் என்ற வார்ப்புப் பிசின் துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாதிரிக் கப்பல் இது. பெட்டி மேல் இருக்கும் புகையையும் தீயையும் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே இருப்பது பாரோ துறைமுகத்தில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டி 1922-இல் கடலில் இறக்கிய, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆளேற்றிப் போன 14,164 டன் பயணிக் கப்பல்தான். 1939-இல் அதற்குப் பீரங்கி பூட்டிப் போர்க்கப்பலாக்கிய வேலையில் முக்கால்வாசியை நம் தலையில் கட்டிவிட்டார்கள். சிறு பட்டறைச் சரக்கு, பெயர் வேண்டாம்.

முதலில் நல்லது. நிஜக் கப்பல் 549 அடி நீளம், 68 அடி அகலம். 1:700-க்குச் சுருக்கினால் 239 மி.மீ., 29.6 மி.மீ. கிட்டின் உடல் 237-க்கு 29.5. இரண்டு மி.மீ. குறைச்சல் கண்ணுக்குத் தெரியாது. ஒற்றைப் புகைபோக்கி, படகு வரிசை, பக்கவாட்டு வட்டச் சன்னல்கள் எல்லாம் அச்சு சுத்தமாக விழுந்திருக்கின்றன. சன்னல் குழிகள் ஆழம் கம்மி என்பதால் பிரைமரை ஒரே பூச்சாக அடித்தால் மூடிக்கொள்ளும். மெல்லிய இரண்டு பூச்சு போதும்.

அடிப்பாகம் லேசாக வாழைப்பழ வளைவு வளைந்திருக்கிறது. 60, 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் போட்டு, சமையல் மேடைக் கடப்பா கல்லில் அழுத்திப் பிடித்தபடியே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நேராகிவிடும். அதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய் போகாவிட்டால் பெயிண்ட் தோலாக உரியும். 400, பிறகு 800 வாட்டர் பேப்பரால் தண்ணீரோடு மட்டும் தேயுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இனி கோளாறு. கிட்டில் 6 அங்குலப் பீரங்கி எட்டு இருக்கிறது. ஜெர்விஸ் பேயில் இருந்தவை ஏழு. கூடவே 3 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி இரண்டு. இதே வகைக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு துண்டைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் போலும். அதிலேயே வரும் 20 மி.மீ. ஓர்லிகான் (சிறு விமான எதிர்ப்புப் பீரங்கி) துண்டுகளையும் ஒதுக்கிவிடலாம். குழல்கள் 0.9 மி.மீ. பருமன், கொழுக்கட்டை மாதிரி. நிஜக் குழல் 45 காலிபர், அதாவது வாய் விட்டத்தைப் போல் 45 மடங்கு நீளம், ஏறத்தாழ 6.9 மீட்டர், இந்த அளவில் 10 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. கிடாரின் ‘பி’ கம்பி 0.016 அங்குலம், சுமார் 0.4 மி.மீ. அளவாகப் பொருந்தும். கட்டிங் பிளையரில் வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

குழல் மேல் இவ்வளவு அக்கறை ஏன் என்றால் இந்தக் கப்பலின் கதையே அதில்தான் இருக்கிறது. 1940 நவம்பர் 5 மாலை, ஹெச்.எக்ஸ்.84 சரக்குக் கப்பல் கூட்டத்துக்கு ஒரே காவலாக வந்த ஜெர்விஸ் பே, ஜெர்மனியின் அட்மிரல் ஷீயர் என்ற போர்க்கப்பலை எதிர்த்துத் திரும்பியது. கேப்டன் ஃபோகர்ட்டி ஃபெகனுக்கு இறந்தபின் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது இதற்குத்தான். ஷீயரின் ஆறு 28 செ.மீ. பீரங்கிகள் 300 கிலோ குண்டை 35 கி.மீ.-க்கு மேல் எறியும். இவளுடைய, அதாவது ஜெர்விஸ் பேயின், பழைய பீரங்கியின் 45 கிலோ குண்டு ஏறத்தாழ 13 கி.மீ.தான் போகும். கிட்டின் அளவில் கணக்குப் போட்டால் ஷீயர் 50 மீட்டர் தள்ளி நிற்கும், இவள் கை 19 மீட்டருக்குள் முடிந்துவிடும். சுமார் 22 நிமிடச் சண்டை. அதற்குள் மற்றவை சிதறி இருட்டுக்குள் போய்விட, கூட்டத்தில் 5 சரக்குக் கப்பல்களைத்தான் ஷீயரால் மூழ்கடிக்க முடிந்தது. கூட்டத்திலிருந்த ஸ்வீடன் கப்பல் ஸ்டூரெஹோம் திரும்பி வந்து மீட்ட, மூழ்கிய ஜெர்விஸ் பேயின் ஆட்களில் 65 பேர் பிழைத்தார்கள். கார்டைட் என்ற வெடிமருந்தை, அதன் தொழிற்சாலை இருக்கும் குன்னூர் அருகே அருவங்காட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பீரங்கிகளின் குண்டுகளைத் தள்ளியதும் அதுதான்.

வண்ணத் தாளில் கோடு கோடாக ஒரு மறைவுப் பூச்சு காட்டுகிறார்கள். நம்ப வேண்டாம், மொத்தமும் சாம்பல் அடியுங்கள்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் இதைத் திறக்காமல் இருப்பது நல்லது. வடகிழக்கு மழையில் ஈரப்பதம் 90-ஐத் தொடும்போது லாக்கர் ஸ்ப்ரே அடித்தால், கரைப்பான் ஆவியாகிற குளிர்ச்சியில் பூச்சின் மேல் ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும். சூப்பர் க்ளூவும் பித்தளைத் துண்டுகளைச் சுற்றிச் சாம்பல் பூசினாற்போல் விடும். ஈரப்பத மீட்டர் 65-க்குக் கீழே காட்டும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பகல்தான் சரியான நேரம். ஸ்ப்ரே டப்பாவை ஐந்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் வைத்து எடுங்கள். குளிர்ந்த டப்பா துப்பும், தூவாது.

கொடிமரக் கயிறுகளுக்கு கிட்டில் நைலான் இழை தருகிறார்கள். கோடையில் இழுத்துக் கட்டினால் மழைக்காலத்தில் ஈரம் குடித்துத் தொய்யும். பதிலுக்கு 0.1 மி.மீ. ஃப்ளோரோகார்பன் தூண்டில் நரம்பு போடுங்கள், தண்ணீர் உறிஞ்சாது. கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து, நிறம் மாறியதும் வெயிலில் காட்டாமல் மின்சார ஓவன் அடுப்பில் சூடாக்கி உலர்த்துங்கள். நீலகிரி வெயில் அதற்குப் போதாது.