மணிக்கட்டில் வேலையா, வெறும் பந்தாவா? முதல் ஸ்மார்ட்வாட்ச்கள் ஓர் அலசல்

2013 முதல் 2015 வரை கடைக்கு வந்த ஸ்மார்ட்வாட்ச்களைப் பற்றி இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. “காசுக்குப் பிடித்த கேடு” என்று ஒன்று. “நல்ல சாமான்தான், கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது” என்று மற்றொன்று. இரண்டு கட்சியும் வேறு வேறு வாட்சை மனத்தில் வைத்துக்கொண்டு சண்டை போடுகின்றன என்பது என் எண்ணம். பெப்பிளையும் கேலக்ஸி கியரையும் ஒரே பெயரில் அடைத்தால் இந்த வழக்கு முடியவே முடியாது. நான் பார்க்கிற கணக்கு ஒன்றுதான்: அதைக் கட்டியிருப்பதால் போனைப் பையிலிருந்து எடுக்காமல் எத்தனை காரியம் முடிகிறது?

முதலில் பெப்பிள். 2012 ஏப்ரலில் எரிக் மிகிகோவ்ஸ்கி என்ற கனடாக்காரர், பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டார். கிட்டத்தட்ட 69,000 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொட்டிவிட்டார்கள். 2013 ஜனவரியில் வாட்ச் கைக்கு வரத் தொடங்கியது. கடை விலை 150 டாலர். பிளாஸ்டிக் உடம்பு, 144-க்கு 168 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, நான்கு பொத்தான். தொட்டால் ஒன்றும் நடக்காது. ஒரே நேரத்தில் எட்டு செயலிகள்தான் வைத்துக்கொள்ளலாம்; அதில் வாட்ச் முகப்பும் அடக்கம்.

கேட்க ஏழ்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திரை அணைவதே இல்லை. உச்சி வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு சார்ஜ் ஐந்து முதல் ஏழு நாள் ஓடும். நீச்சல் குளத்தில்கூடக் கழற்ற வேண்டாம். போன் அடித்தால் மணிக்கட்டு அதிரும், பெயர் தெரியும், வேண்டாமென்றால் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். குறுஞ்செய்தியை முழுதாகப் படிக்கலாம், பாட்டை மாற்றலாம். இவ்வளவுதான் அதன் வேலை, அதையும் கூட்ட நெரிசலில் ஒரு கை மட்டும் காலியாக இருக்கிறபோதும் செய்துவிடும்.

குறையில்லாமல் இல்லை. ஆரம்பத்தில் ஐபோனோடு அதற்கு ஒட்டவில்லை. 2013 செப்டம்பரில் ஐபோனின் புது மென்பொருளான ஐஓஎஸ் 7 வந்து, அறிவிப்புகளை வெளியே எடுத்துக்கொடுக்கும் வழியை ஆப்பிளே திறந்துவிட்ட பிறகுதான் எல்லாச் செயலியின் அறிவிப்பும் ஒழுங்காக வரத் தொடங்கியது. சில வாட்ச்களில் திரை கோடு கோடாகக் கலங்கும். நம் ஆட்களுக்கு இன்னொரு தொல்லை: அதில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழில் செய்தி வந்தால் வரிசையாக வெறும் கட்டங்கள்தான். தங்கிலீஷில் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் உடனே பதில் கிடைத்திருக்கும்.

அடுத்து சாம்சங்கின் கேலக்ஸி கியர். 2013 செப்டம்பரில் பெர்லினில் அறிமுகம், 299 டாலர்; இங்கே 22,990 ரூபாய். வசதிகளை எழுதிப் பார்த்தால் பெப்பிள் பக்கத்திலேயே நிற்க முடியாது. 320-க்கு 320 புள்ளிகள் கொண்ட வண்ணத் தொடுதிரை, 4 ஜிபி சேமிப்பு, பட்டையில் 1.9 மெகாபிக்சல் கேமரா, கொக்கியில் ஸ்பீக்கர். கையைக் காதருகே தூக்கிப் பேசலாம். விளம்பரத்தில் அது அழகு. பஸ் நிறுத்தத்தில் அப்படி நின்று பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த நாலு பேருக்கும் நம் பேச்சு முழுக்கக் கேட்கும்.

இந்தக் கேமராவில்தான் எனக்கு ஆறவே இல்லை. படம் எடுக்க வாட்சில் விரலால் தேய்த்து, கையை விநோதமாக மடக்கி, குறி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பையிலிருக்கிற போனை எடுத்து அதைவிடப் பல மடங்கு நல்ல படம் பிடித்துவிடலாம். சரி, வேண்டாதவர்கள் விட்டுவிடலாமே என்றால் அதுவும் முடியாது. கேமராவுக்கான இணைப்பு பட்டைக்குள் ஓடுவதால் பட்டையை மாற்ற வழியில்லை. பட்டை நைந்தால் வாட்சுக்கே ஆயுசு முடிந்த மாதிரி.

மணி பார்ப்பது? திரை அணைந்தே இருக்கும். கையை வீசித் தூக்கினால் ஒரு கணம் யோசித்துவிட்டு எரியும், சில சமயம் எரியாது. ஏறக்குறைய தினமும் சார்ஜ் வேண்டும், அதற்குத் தனித் தொட்டில் வேண்டும். வெளியூர் போகும்போது அதை மறந்தால் அவ்வளவுதான். மின்னஞ்சல் வந்தால், சாம்சங்கின் சொந்தச் செயலி என்றால் படிக்கலாம். ஜிமெயில் என்றால் “வந்திருக்கிறது, போனில் பார்” என்று மட்டும் ஆரம்பத்தில் சொன்னது. போனில் பார்ப்பதற்கு எதற்கு 299 டாலர்?

இத்தனைக்கும் மேலே, வெளியான சமயத்தில், போன்களில் சாம்சங்கின் நோட் 3-ஓடு மட்டும்தான் அது வேலை செய்தது. அவர்களுடைய கேலக்ஸி எஸ்4, எஸ்3 எல்லாம் மென்பொருள் புதுப்பிப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. நோட் 3 இங்கே ஐம்பதாயிரத்தை ஒட்டி விற்றது. கியருக்காக அதை வாங்கியிருந்தால் அங்குசத்துக்காக யானை வாங்கின கதைதான். ஆறே மாதத்தில் கியர் 2 வந்துவிட்டது. ஆண்ட்ராய்டை விட்டு டைசன் என்ற வேறு மென்பொருளுக்கு மாறி, கேமராவைப் பட்டையிலிருந்து உடம்புக்குக் கொண்டுபோனார்கள். முதல் கியரை வாங்கினவர்கள் சோதனை எலிகள்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சோனி ஸ்மார்ட்வாட்ச் 2-ஐ இந்த இடத்தில் ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அதே 2013, விலை இங்கே 14,990. ஆண்ட்ராய்டு 4.0-க்கு மேற்பட்ட எந்தப் போனோடும் சேரும், சாதாரண மைக்ரோ யுஎஸ்பி கம்பியில் சார்ஜ் ஏறும், எந்தக் கடையிலும் கிடைக்கிற பட்டை பொருந்தும், மூன்று நான்கு நாள் ஓடும். கியர் செய்த தவறுகளில் பாதியை இது செய்யவில்லை. ஆனால் இதை ஆசையோடு பேசியவர்கள் குறைவு, காரணம் மங்கலான திரை.

2014-இல் கூகுள், ‘ஆண்ட்ராய்டு வேர்’ (Android Wear) என்ற வாட்ச் மென்பொருளோடு வந்தது. அதில் ஓடிய வாட்ச்களில் மோட்டோரோலாவின் மோட்டோ 360-தான் கண்ணைப் பறித்தது: வட்ட முகம், 250 டாலர், பார்த்தால் நிஜமான கைக்கடிகாரம். வட்டத்தின் அடியில் மட்டும் நேராக வெட்டின கறுப்புப் பட்டை. திரையை இயக்கும் பாகம் அங்கே உட்கார்ந்திருந்தது. உள்ளே போட்ட சிப்போ பழைய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சரக்கு. தடுமாறவும் செய்தது, பேட்டரியையும் குடித்தது. அழகுக்கு மார்க் உண்டு. வேலைக்கு எல்ஜி, சோனியின் சதுர வாட்ச்களே மேல்.

ஆப்பிள் வாட்ச் 2015 ஏப்ரலில், 349 டாலரில் ஆரம்பித்தது. இந்தியாவுக்கு நவம்பரில் 30,900 ரூபாய்க்கு வந்தது. அறிவிப்பு வரும்போது மணிக்கட்டில் மெல்லத் தட்டுகிற அந்த உணர்வை வேறு யாரும் அவ்வளவு நேர்த்தியாகச் செய்யவில்லை. இதயத் துடிப்பு பார்க்கும், “எழுந்து நில்” என்று நச்சரிக்கும். செயலிகள்தான் சோகம். முதலில் அவை ஓடியது ஐபோனில். வாட்சில் படம் மட்டும் வரும். வட்டம் சுற்றிச் சுற்றித் திரை திறப்பதற்குள் போனையே எடுத்துவிடலாம். அமெரிக்காவில் கடைகளில் வாட்சை நீட்டியே பணம் கட்டினார்கள், நமக்கு அதுவும் இல்லை. 18 மணி நேர பேட்டரி, ஜிபிஎஸ் கிடையாது, நீச்சலுக்கு ஆகாது. ஐபோன் வைத்திருந்து, கூட்டங்களில் நாள் கழிக்கிறவருக்கு அது உதவியிருக்கும். மற்றவர்கள் 2016-இன் சீரீஸ் 2 வரை பொறுத்திருந்தால் ஜிபிஎஸும் நீச்சலும் சேர்ந்தே கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் ஷவோமியின் மி பேண்டைச் சொல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமாகாது. 2015-இல் இங்கே 999 ரூபாய். திரையே கிடையாது, மூன்று சின்ன விளக்குகள்தான். ஆனால் நடையை எண்ணும், தூக்கத்தைக் கணக்கிடும், போன் அடித்தால் அதிரும், காலையில் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பாமல் நம்மை மட்டும் எழுப்பும், சார்ஜ் ஒரு மாதம் நிற்கும். 30,000 ரூபாய் வாட்சை வாங்கினவர்களில் பலர் தினமும் பயன்படுத்தியது இவற்றில் ஒன்றிரண்டு காரியங்களுக்குத்தான் என்று நினைக்கிறேன். அப்போது கேட்டிருந்தால், பணம் அதிகமில்லாதவருக்கு இதையும், எழுத்து தெரிய வேண்டும் என்பவருக்குப் பெப்பிளையும் சொல்லியிருப்பேன். கியரை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆயுளையும் பார்த்துவிடலாம். 10,000 டாலரில் ஆரம்பித்த தங்க ஆப்பிள் வாட்சின் உள்ளே இருந்தது 349 டாலர் வாட்சின் அதே சிப். 2018-இல் வாட்ச்ஓஎஸ் 5 என்ற புது மென்பொருள் வந்தபோது இரண்டுக்கும் சேர்த்தே கதவு சாத்தினார்கள். பெப்பிள் கம்பெனி அதற்கு முன்பே, 2016 டிசம்பரில், உடற்பயிற்சிப் பட்டைகள் செய்யும் ஃபிட்பிட்டுக்குக் கைமாறி மூடிவிட்டது. 2018 ஜூனில் சர்வர்களும் நின்றன. ஆனால் பயனர்களே ரெபிள் என்று ஒரு மாற்றுச் சேவை அமைத்துப் பழைய வாட்ச்களை ஓட்டினார்கள். 2025 ஜனவரியில், ஃபிட்பிட்டை வாங்கிவிட்டிருந்த கூகுள் பெப்பிளின் மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட, இரண்டு மாதத்தில் மிகிகோவ்ஸ்கி அதே கறுப்பு வெள்ளைத் திரை, அதே பொத்தான்களோடு ஒரு புது வாட்சுக்கு முன்பதிவு தொடங்கினார். விலை 149 டாலர். கேமரா வைக்கவில்லை.