புதினா எண்ணெய்க்குக் கேலஸா, தளிரா?

தர்மபுரி உழவர் சந்தையில் வாங்கிய ஒரு கட்டுப் புதினாவில்தான் ஆரம்பித்தேன். எண்ணெய்க்கு எது உதவும் என்று பார்க்க, இலைத் துண்டுகளைக் கேலஸாகவும் (வேர், இலை எதுவும் இல்லாத செல் கட்டி) கணுக்களைத் தளிராகவும் ஆய்வகத்தில் வளர்த்தேன். ஆறு மாதம் கழித்துக் கேலஸைக் கைவிட்டு முழுதாகத் தளிர் பக்கம் வந்துவிட்டேன்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊடகம் என்ற ஊட்டக் கலவைதான்: லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, பி.எச். 5.8, கிருமி நீக்க ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலன்) 121 டிகிரி செல்சியஸ். வளர்ச்சி ஊக்கியாகக் கேலஸுக்கு 2,4-டி, தளிருக்கு பி.ஏ.பி. மே மாதத்தில் கரண்ட் போனால் இரண்டுமே வாடும்.

வளரும் வேகத்தில் கேலஸ் முந்தும். ஆனால் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தால் புதினா வாசமே இல்லை. அங்கேதான் என் முடிவு மாறியது. புதினா எண்ணெய் இலை முழுக்க ஊறிக் கிடப்பதில்லை. இலைமேல் இருக்கும் நுண்ணிய சுரப்பி முடிகளில் உருவாகி, அவற்றின் மேல்தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பையில் சேர்கிறது. கேலஸோ உருவமில்லாத செல் திரள். அதில் இலையும் கிடையாது, சுரப்பியும் கிடையாது. கொஞ்சநஞ்சம் எண்ணெய் உண்டானாலும் அதைப் பத்திரமாக வைக்க இடமில்லை. தளிரில் பாட்டிலுக்குள்ளேயே குட்டி இலைகள் விரிகின்றன. கை லென்ஸில் பார்த்தால் சுரப்பிகள் மினுமினுப்பது தெரியும். ஒரு இலையைக் கசக்கினால் போதும், அறையே மணக்கும்.

தளிரிலும் தொல்லை உண்டு. வேகமாக வளரட்டும் என்று திரவ ஊடகத்தில் மூழ்கவிட்டேன். இலைகள் நீர் கோத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. திரும்பவும் அகார் (ஊடகத்தை ஜெல்லியாக உறைய வைக்கும் பொருள்) ஊடகத்துக்கே வந்தேன்.

இதெல்லாம் வாசனை எண்ணெய்க்குத்தான். கொக்கோ, எண்ணெய்ப்பனை போன்றவற்றின் கொழுப்பெண்ணெய் செல்லுக்குள்ளேயே துளித்துளியாகச் சேரும். அங்கே கேலஸிலிருந்து எழும் கருக்களுக்கு (விதைக்குள் இருப்பது போன்ற இளங்கரு) மதிப்பு உண்டு. அதை நான் செய்து பார்த்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

விற்பனைக்கு எண்ணெய் மட்டும் போதும் என்றால், வயலில் புதினா போட்டு ஆவியில் வடிப்பதுதான் இன்றும் மலிவு. ஆனால் எண்ணெய் தேறாத தளிரையும் வேர்விட வைத்து, நிழல்வலைக் குடிலில் பழக்கி, நாற்றாக விற்றுவிடலாம். கேலஸ் என்றால் நேரே குப்பைக்குத்தான்.