பதினொரு ஆண்டுகளாகியும் தேயாத பகடை

பதினொரு ஆண்டுகளாக ஒரே பகடைத் தொகுப்பை வைத்துத்தான், கற்பனைப் பாத்திரங்களாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடிவருகிறேன். கருநீலப் பிளாஸ்டிக், பொன்னிற எண்கள், மொத்தம் ஏழு. போன வாரம் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் துடைத்து வைத்தபோதுதான் கவனித்தேன். இருபது முகப் பகடையில் பொன்பூச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. 17 விழுந்தால் விளக்கருகே பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு முகப் பகடையோ நேற்று வாங்கியதுபோல் பளபளக்கிறது. பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பெருமைப்பட முடியவில்லை. இதை நாங்கள் அதிகம் உருட்டவே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இத்தனைக்கும் ஏழில் உருட்டச் சுகமானது அதுதான். பன்னிரண்டு ஐங்கோண முகங்கள். உள்ளங்கையில் நிறைவாக உட்காரும். இருபது முகம் மேசை விளிம்பைத் தேடி ஓடும். நான்கு முகம் உருளவே உருளாது, பொத்தென்று விழுந்து உட்கார்ந்துகொள்ளும். பன்னிரண்டு முகம் நான்கைந்து புரளல் புரண்டு, ஒருமுறை தயங்கி, நிற்கும். அந்தத் தயக்கத்துக்காகவே அதை உருட்டலாம்.

ஆனால் விதிநூலில் அதற்கு வேலை எங்கே? 2014 பதிப்பில் பார்பேரியன் என்ற முரட்டு வீரனின் உயிர்ப்புள்ளிக்கும் பெருங்கோடரிக்கும் இரண்டொரு மந்திரங்களுக்கும் வரும், பெரும்பாலும் அவ்வளவுதான். பெருங்கோடரியையும் கணக்குத் தெரிந்தவர்கள் தொடுவதில்லை. எதிரிக்கு எவ்வளவு காயம் என்று பார்க்கப் பெருவாளுக்கு இரண்டு ஆறு முகப் பகடைகள். சராசரி 7, குறைந்தது 2. கோடரிக்குச் சராசரி 6.5, குறைந்தது 1. நான் இரண்டு ஆண்டுகள் பிடிவாதமாகக் கோடரியோடு அலைந்தேன். 12 விழ கோடரிக்குப் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு, வாளுக்கோ முப்பத்தாறில் ஒன்று என்று நண்பர்களிடம் வாதாடுவேன். 1 விழும் நாளில் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்; அதுதான் இன்னும் எரிச்சல்.

நான்கு முகப் பகடையின் கதை வேறு. அதற்கு இன்றும் வேலை இருக்கிறது: கத்தி, மாய அம்பு, ஆசி மந்திரம். ஆனால் ஒரு காலத்தில் மந்திரவாதியின் உயிரே அதில்தான் இருந்தது. பழைய பதிப்புகளில் முதல் நிலை மந்திரவாதி அதை உருட்டி 1 வாங்கினால், பூனை பிறாண்டினாலே கதை முடிந்தது. இப்போது அவனுக்கும் ஆறு முகம் கொடுத்துவிட்டார்கள். நியாயம்தான். இருந்தாலும் அந்த நடுக்கத்தோடு குகைக்குள் நுழைந்த சுவை போய்விட்டது. (இருட்டில் வெறுங்காலோடு அதன்மேல் மிதித்தவர்களுக்கு இந்த ஏக்கம் இருக்காது.)

1974-இல் இந்த விளையாட்டு வந்தபோது பத்து முகப் பகடையே புழக்கத்தில் இல்லை. இருபது முகத்தில் 0 முதல் 9 வரை இரண்டு தடவை அச்சிட்டிருக்கும். ஒரு பாதி எண்களுக்கு மட்டும் கிரேயானால் வேறு வண்ணம் தீட்டி, அது 11 முதல் 20 வரை என்று வைத்துக்கொள்வார்கள். 1980 வாக்கில் வந்து சேர்ந்த பத்து முகம் இன்று 1 முதல் 100 வரை எண் உருட்டவும் ஜோடியாக நிற்கிறது. ஆதியிலிருந்தே இருந்த பன்னிரண்டு முகம் மூலையில் கிடக்கிறது.

முப்பது முகமும் வாங்கினேன். டஞ்சன் க்ரால் கிளாசிக்ஸ் என்ற இதேபோன்ற இன்னொரு விளையாட்டை ஆடினால் தவிர அதற்குப் பிழைப்பில்லை. லூ ஸாக்கி உருவாக்கிய நூறு முகப் பகடையை ஒரு நண்பர் கொண்டுவந்தார். ஏறக்குறைய பந்து. அது நிற்பதற்குள் நாங்கள் அடுத்தவர் முறைக்குப் போய்விட்டோம்.

மூன்று ஆண்டுகளாக ஆட்டத்தை நடத்துபவன் நான் என்பதால் பன்னிரண்டு முகத்துக்கு நானே வேலை கொடுத்துவிட்டேன். வழியில் எதிர்ப்படும் எதிரிகளுக்கான அட்டவணையைப் பழைய முறைப்படி எட்டு முகமும் பன்னிரண்டு முகமும் கூட்டி எழுதுகிறேன். 2 முதல் 20 வரை வரும். 9 முதல் 13 வரை ஐந்துக்கும் சம வாய்ப்பு, அங்கே ஓநாய்களும் வழிப்பறிக்காரர்களும். இரு ஓரங்களுக்கும் தொண்ணூற்றாறில் ஒரு வாய்ப்பு. 20-க்கு நேரே ஒரு சிவப்பு டிராகனை எழுதி வைத்திருக்கிறேன், எல்லாருக்கும் தெரியும். எட்டு முகத்தை முதலில் உருட்டுவேன். அதில் 8 விழுந்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும், பன்னிரண்டு முகத்தை நான் கையில் எடுப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன மாதம் அது 12-இல் தயங்கி, 11-க்குப் புரண்டது.