கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தனி நாள்: பெங்களூரா, சென்னையா?

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் இருக்கும் ஒருவருக்கு வேலையும் துணையும் இல்லாத ஒரு முழு நாள் கையில் கிடைத்து, அதைப் பெருநகரம் ஒன்றில் கழிக்கலாம் என்று தோன்றினால், அவர் முன் உள்ள வழிகள் இரண்டுதான்: வடமேற்கே பெங்களூர், கிழக்கே சென்னை. சேலம் பக்கத்தில்தான் இருக்கிறது; ஆனால் துணியெடுக்கவும் மருத்துவம் பார்க்கவும் போய்வந்தே பழகிவிட்ட ஊரில் சும்மா சுற்றுவதற்கு மனம் ஒப்பாது.

இரு நகரங்களையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களை அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தனியாக ஒரே நாளுக்குப் போகிறவருக்கு அந்தப் பட்டியலால் பயன் குறைவு. பேருந்திலும் நெரிசலிலும் கழிவது போக, நகரத்துக்குள் நடக்கவும் உட்காரவும் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பதையே அவர் முதலில் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 255 கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறவர் எட்டு மணிக்குள் பெங்களூரில் சிற்றுண்டிக்கு உட்கார்ந்துவிடலாம். அதே நேரத்தில் சென்னைப் பேருந்தில் ஏறியவர் அப்போதுதான் வேலூரைத் தாண்டிக்கொண்டிருப்பார். மாலை ஆறு மணிக்குத் திரும்புவதாக வைத்துக்கொண்டால் பெங்களூரில் பத்து மணி நேரம் கிடைக்கிறது. சென்னையில் ஏழு மணி நேரம் கிடைத்தாலும், வீடு வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் இல்லாததால், ரயிலில்தான் சென்னை போக வேண்டும் என்பவர் ஜோலார்பேட்டை வரை போய் ஏற வேண்டும். தருமபுரிக்காரர் இந்த வகையில் கொடுத்து வைத்தவர். ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில் பாதை அவர் ஊரைத் தொட்டே போகிறது, கோவை–பெங்களூர் வந்தே பாரத் ரயிலும் அங்கே நிற்கிறது.

பெங்களூருக்குப் போவது எளிது, உள்ளே நுழைவதுதான் கடினம் என்று இந்தப் பக்கத்தார் சொல்வதில் நெடுங்காலம் நியாயம் இருந்தது. அத்திப்பள்ளியைத் தாண்டியதும் ஊர் வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று ஊர்ந்து சில்க் போர்டு சந்திப்பில் சிக்கிக்கொண்டால், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வர ஆன நேரம் அங்கேயே இன்னொரு முறை போய்விடும். 2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம் இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்திருக்கிறது. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 16 நிலையங்களோடு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் ஓடும் இத்தடம், சில்க் போர்டு சந்திப்பை மேலாகவே கடந்துவிடுகிறது. பேருந்தை விட்டுப் பொம்மசந்திராவில் இறங்கி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் லால்பாக். குறை என்று சொன்னால் கட்டணத்தைத்தான் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி உயர்வுக்குப் பின் பெங்களூர் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 90 ரூபாய் ஆனது. சென்னை மெட்ரோவில் அது 50 ரூபாய்.

சென்னைக்குப் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி வரும் வரை ஒரு பொழுது, அங்கிருந்து நகரத்துக்குள் வர இன்னொரு பொழுது என்று காலை முழுவதும் கரைந்து, இறங்கும்போது உச்சி வெயில் காத்திருக்கும். சென்னைக்குச் சரியான வழி இரவுப் பேருந்துதான். பதினொரு மணிவாக்கில் ஏறினால் விடிவதற்கு முன் கோயம்பேடு வந்துவிடலாம். அந்த நேரத்தில் எந்தக் கதவும் திறந்திருக்காது என்பது பெங்களூரில் பெருங்குறையாக இருந்திருக்கும். சென்னையிலோ கடலுக்குக் கதவு இல்லை. பேருந்து நிலைய மெட்ரோவில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்துத் திருவல்லிக்கேணியில் இறங்கினால் மெரினா நடக்கும் தூரம். சூரியன் எழும் வேளையில் அந்தக் கரையில் தனியாக நடப்பதற்கு ஈடாகப் பெங்களூரில் எதையும் காட்ட முடியாது. ஆனால் சரியாகத் தூங்காத உடம்போடு அன்றைய பகலையும் ஓட்ட வேண்டியிருக்கும் என்பதையும், முகம் கழுவி உடை மாற்ற ரயில் நிலையக் காத்திருப்பு அறையையோ கட்டணக் குளியலறையையோ தேட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பரந்து கிடக்கும் நகரத்தில் தனி ஆளுக்கு ஒரு நாள் நன்றாகக் கழிய வேண்டுமானால், நகரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட வேண்டும். பெங்களூர் இதற்கு மிக நன்றாக இடம் கொடுக்கிறது. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக்கில் காலை முழுவதையும் செலவிடலாம். 1889இல் எழுந்த கண்ணாடி மாளிகையைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைப் பக்கம் போனால் அமைதி கிடைக்கும். ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழைமையானது என்று புவியியலாளர் சொல்லும் பாறை அது. வீட்டு வாசலிலிருந்தே மலையையும் பாறையையும் பார்த்து வளர்ந்த கிருஷ்ணகிரிக்காரர் அதைக் கண்டு வியப்பாரோ இல்லையோ, அதன் மேல் அமர்ந்து நகரத்தைப் பார்ப்பார். அங்கிருந்து காந்தி பஜார் வரை நடந்து, பிற்பகலில் மெஜஸ்டிக் வழியாக கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்கினால், 1870இல் உருவான அந்தப் பூங்காவின் மர நிழலும், அதன் சிவப்பு நிற நூலகக் கட்டடமும், கஸ்தூரிபா சாலையில் 1962இல் திறக்கப்பட்ட விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் ஒரே சுற்றில் அடங்கிவிடும். ரைட் சகோதரர்களின் விமானத்தை அதே அளவில் செய்து வைத்திருக்கும் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல் காதைத் துளைக்கும். அது பிடிக்காதவர் நேராகச் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்விடலாம்.

சென்னையில் இப்படிச் சுற்றுவதற்கு எழும்பூர் ஏற்ற இடம். 1851இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடம் ஒன்றுக்காகவே சென்னை போகலாம். திருவாலங்காட்டு நடராசர் முன்னும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், "போகலாமா?" என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர் யாரும் பக்கத்தில் இல்லாத போதுதான் அது முடியும். அதே வளாகத்தில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் இருப்பதால், வெயில் தணியும் வரை வெளியே வராமல் இருக்கலாம். பெங்களூரின் அருங்காட்சியகங்களில் இந்தக் கூடத்துக்கு நிகரானது இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

தனியாகச் சாப்பிடுவதில் பெங்களூரே வசதி. நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினிக் கடைகளில் ஒருவர் வந்தாரா நால்வர் வந்தாரா என்று யாரும் கவனிப்பதில்லை. 1924இல் தொடங்கிய லால்பாக் சாலை எம்.டி.ஆர்., 1943இல் தொடங்கிய காந்தி பஜார் வித்யார்த்தி பவன் போன்ற பழைய இடங்களில் வரிசை நீளமாக இருக்கும். ஆனால் குடும்பங்கள் ஐந்தாறு இருக்கைகளுக்குக் காத்திருக்கையில், ஒற்றை இருக்கை தேடுபவருக்கு மூலையில் இடம் கிடைத்துவிடும். சென்னையில் 1948 முதல் இருக்கும் திருவல்லிக்கேணி ரத்னா கபேயின் சாம்பார் இட்லி, கடற்கரையில் நடந்துவிட்டு வருகிறவருக்குப் பொருத்தமான காலை உணவு.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் வெயிலை விடப் புழுக்கமே ஆளை அடித்துப்போடும். மொழியும் தடையாகாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் மாவட்டத்திலிருந்து போகிறவருக்குப் பெங்களூர் அந்நியமாகத் தோன்றுவதில்லை; அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை வரை போனால் சுற்றிலும் தமிழ்தான் கேட்கும். உண்மையில் சிக்கல் வேறு. மாம்பழ வியாபாரத்திலிருந்து கட்டட வேலை வரை நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அங்கே போக்குவரத்து இருப்பதால், தனிமையைத் தேடிப் போனவரை மெஜஸ்டிக்கில் ஒருவர் தோளைத் தட்டி, "எங்கே இந்தப் பக்கம்? வீட்டில் யாரும் வரவில்லையா?" என்று கேட்டுவிடக் கூடும். சென்னையில் அந்த ஆபத்து குறைவு. பெண்களுக்கு இன்னொரு வேறுபாடும் உண்டு: தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணமில்லை, கர்நாடகத்தில் 2023இல் வந்த சக்தித் திட்டம் அம்மாநிலத்தவருக்கு மட்டுமே உரியது என்பதால், ஓசூரிலிருந்து போகும் பெண்ணும் அங்கே பயணச்சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வித்யார்த்தி பவனுக்கும் அப்படியே. வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரிலிருந்து ஊர் திரும்புவது, அங்கே வேலை பார்க்கும் தமிழர் அனைவரோடும் ஒரே சாலையில் இறங்குவதாகும். ஞாயிற்றுக்கிழமை மாலை இதற்கு நேர்மாறு: எதிர்த்திசையில் வண்டிகள் அத்திப்பள்ளி வரை அணிவகுத்து நிற்க, நாம் தடையின்றி வந்துவிடலாம். குடியரசு நாள், சுதந்திர நாளை ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும் வாரங்களைத் தனிமை விரும்பி தவிர்ப்பதே நல்லது.

என் தீர்ப்பு பத்து மாதம் பெங்களூர், மார்கழியும் தையும் சென்னை. அந்த இரண்டு மாதங்களில் புழுக்கம் இராது. 1928இல் உருவான மியூசிக் அகாடமி முதலாகப் பல சபாக்களில் இசை விழா நடக்கும். பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால், தனி ஆள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, விருப்பப்பட்ட நேரத்தில் எழுந்து கேன்டீனுக்குப் போகலாம். 1977 முதல் நடந்துவரும் புத்தகக் காட்சியும் அந்தப் பருவத்தில்தான் வருகிறது. நந்தனத்தில் நடக்கும் ஆண்டுகளில் மெட்ரோவிலேயே போய் இறங்கிவிடலாம்.

எந்த நகரத்திலிருந்து திரும்பினாலும், இரவில் ஏறுவதற்கு முன் வண்டி கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குள் வருமா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சேலம், பெங்களூர் வண்டிகள் பல பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். பதினொரு மணிக்கு மேல் அங்கிருந்து ஊருக்குள் வர ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதான்.